நீற்றறைக்கு நன்றியா? ஊவாத் தோட்டங்களிற் கிறிஸ்தவமும் துன்பமும்

துன்பம் இறைவன் அளிக்கும் பயிற்சி. அதனைப் பொறுமையுடன் ஏற்பவனுக்கு வாழ்வின் பொருள் விளங்கும். மலையகத்துத் தேவாலயங்களிலே தலைமுறை தலைமுறையாக ஒலித்து வரும் கருத்து இது. பதுளையிலும் பசறையிலும் ஹப்புத்தளையிலும் ஞாயிறுதோறும் இதனைக் கேட்டுத் தலையசைப்போருட் பலர் கொழுந்து பறிப்போர். அல்லது கொழுந்து பறிப்போரின் பிள்ளைகள். கூறுவோருக்கும் தம் கூற்றில் ஐயமில்லை. ஆயின் கூறுபவர் யார், கேட்பவர் யார் என்ற வினா மட்டும் அங்கே எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவைத் தவிர்த்துவிட்டுத் துன்பத்தின் பொருளைப் பற்றிப் பேசுதல், நோயாளியின் நாடியைப் பாராமலே மருந்து கொடுப்பதை ஒக்கும்.

இவ்விடத்திலே சைவ மரபிலிருந்து ஓர் உதாரணத்தை நோக்குதல் தகும். நாவுக்கரசரைப் பல்லவ மன்னன் நீற்றறையில் அடைத்தான் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அவ்வெம்மையினுள்ளே அவர் இறைவன் திருவடி நிழலின் தண்மையைக் கண்டு பாடினார். அப்பாடலை ஓதி உருகாத சைவர் இலர். எனினும் அத்தகைய பாடல் பிறக்கக் காரணமாயிற்றே என்று நீற்றறைக்கு நன்றி கூறிய சைவரும் இலர். உள்ளே இருந்தவர் இன்பங் கண்டார் என்பதனால் நீற்றறை நல்லதாகிவிடவில்லை; அடைத்தவன் செயலும் நியாயமாகிவிடவில்லை. துன்பத்தினுள்ளே பொருள் காண்பது வேறு. துன்பத்திற்குப் பொருள் கற்பிப்பது வேறு. முன்னது துன்புறுவோனின் உரிமை. பின்னது பெரும்பாலும் துன்புறுத்துவோனுக்கு வசதி. ஊவாத் தோட்டங்களிற் கிறிஸ்தவம் இவ்விரண்டையும் செய்துள்ளது. எது எப்போது நிகழ்ந்தது என்பதைப் பிரித்தறியாமல் அதனைப் போற்றுவோரும், பிரித்தறியாமலே அதனைத் தூற்றுவோரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர்.

பதுளை நகரிலே புனித மாற்கு தேவாலயம் நிற்கிறது. 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்டது அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என அவரைப் பற்றிக் கூறுவர். ஊவாவிற் பாதைகள் அமைத்தவர் என்றும் கூறுவர். ஒரு மனிதனின் திடீர் மரணத்திலே இறைவனின் செய்தி ஒன்றைத் தேடி, அத்தேடலைக் கல்லால் எழுப்பி வைத்தனர் அவருடைய நண்பர். அதிற் குறைகாண்பதற்கில்லை. ஆயின் காடழித்தவர், பாறை உடைத்தவர், மன்னார்க் கரையிலிருந்து மலை நோக்கி நடந்து வந்த வழியிலே வாந்திபேதியால் வீழ்ந்தவர் ஆகியோரின் மரணத்திற் செய்தி தேடி எவரும் கோபுரம் எழுப்பவில்லை. எவருடைய துன்பம் பொருள் பொதிந்தது, எவருடைய துன்பம் வெறும் கணக்கு என்பது அக்காலத்தில் தோலின் நிறத்தாலும் உத்தியோகத்தாலும் தீர்மானிக்கப்பட்டது.

பின்னர் அம்மக்களிடமும் சுவிசேஷம் சென்றது. 1854 இல், தோட்டத் துரைமார் சிலர் முன்னின்று வேண்ட, சேர்ச் மிஷனரி சங்கத்தினர் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற பெயரில் மலைநாட்டுத் தோட்டங்களிலே பணியைத் தொடங்கினர். திருநெல்வேலியிலிருந்து தமிழ் உபதேசிமார் வருவிக்கப்பட்டனர். செலவுக்குத் துரைமார் நன்கொடை வழங்கினர். அவ்வுபதேசிமாரை இழித்துரைத்தல் நன்றியின்மையாகும். லயன் லயனாக நடந்து, அட்டைக்கடியும் குளிரும் பொறுத்து, எழுத்தறியாப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்கள் அவர்கள். தோட்டப்புறத்துக் கல்வியின் வேர்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் துரையின் பணத்தில் நடைபெறும் பிரசங்கம் துரையின் பிரட்டுக்களத்தைக் கண்டிக்கும் என எதிர்பார்த்தல் பேதைமை. கீழ்ப்படிதலும் பொறுமையும் மறுமைப் பயனும் அங்கே மிகுதியாகப் பேசப்பட்டதற்குக் காரணம் வேதாகமம் மட்டுமன்று. வேதாகமத்தில் யாத்திராகமமும் இருக்கிறது. பார்வோனின் செங்கற்சூளையிலிருந்து அடிமைகள் வெளியேறிய வரலாறு அது. கங்காணியின் கீழே கடன்பட்டிருந்த மனிதனுக்கு அதனை விளக்கிக் கூறுவதில் உள்ள இடர் எவர்க்கும் புலனாகும்.

‘பொறுத்துக்கொள்’ என்னும் போதனைக்கு வேதத்திலிருந்து ஆதாரம் காட்டுவோர் யோபுவின் பெயரைக் கூறுவர். யோபுவைப் போலப் பொறுமையாயிரு என்பது வழக்காகவே ஆகிவிட்டது. அந்நூலை முதல் இரண்டு அதிகாரங்களுக்கு அப்பால் அவர்கள் படித்தார்களா என்பது ஐயத்திற்குரியது. மூன்றாம் அதிகாரத்திலே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கத் தொடங்குகிறான். அதன்பின் பல அதிகாரங்களுக்கு அவன் செய்வது முறையீடு. இறைவனையே வழக்குக்கு அழைக்கும் துணிவான முறையீடு. துன்பத்திற்குப் பொருள் கற்பிப்போர் அவனுடைய நண்பர்கள். நீ பாவஞ் செய்திருப்பாய், இது உன்னைத் திருத்துதற்கு வந்தது, அடங்கியிரு என்று அவர்கள் அழகாகவும் தருக்க முறையாகவும் பேசுகின்றனர். நூலின் இறுதியில் இறைவன் சினங்கொள்வது அந்நண்பர்கள் மீதே. தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுவே எனத் தீர்ப்பளிக்கிறார். ஏழு நாள் அவர்கள் யோபுவோடு நிலத்திலே வாய்மூடி அமர்ந்திருந்தார்களே, அவர்கள் செய்த நற்செயல் அது ஒன்றுதான். மலையகப் பிரசங்கபீடங்களில் நூற்றாண்டுக்கு மேலாக ஒலித்து வந்தது யோபுவின் குரலன்று. யோபுவின் நண்பர்களின் குரல்.

2014 ஒக்டோபர் 29 ஆம் நாட்காலை கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்தது. பெரட்டுக்குச் சென்றோர் சென்றிருந்தனர். ஏனையோர் லயன்களில் இருந்தனர். சில நிமிடங்களில் லயன்கள் மண்ணுள் மறைந்தன. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. பள்ளிக்கூடம் சென்றிருந்தமையால் உயிர்தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்திலே சேறு இருந்தது. இதன் பொருள் என்ன? இறைவனின் சித்தம் என்றனர் சிலர். மக்கள் வழிபாட்டை மறந்தமையால் வந்த தண்டனை என்று கூறத்தக்கவரும் எக்காலத்தும் இருக்கின்றனர். லூக்காவின் சுவிசேஷத்திலே இதற்கு நிகரான நிகழ்ச்சி ஒன்று உண்டு. சீலோவாமிலே கோபுரம் ஒன்று இடிந்து பதினெட்டுப் பேர் இறந்தனர். அவர்கள் ஏனையோரிலும் பெரும் பாவிகளோ என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே விடையும் கூறுகிறார். பிறவிக் குருடனைக் கண்டு, பாவஞ் செய்தவன் இவனா, இவனைப் பெற்றோரா எனச் சீடர்கள் வினவியபோதும் அவ்வினாவையே அவர் ஏற்கவில்லை. பிறர் துன்பத்திற்குக் கணக்கெழுதும் வேலையைக் கிறிஸ்து இருமுறை மறுத்திருக்க, அவர் பெயராற் பேசுவோர் அதனை வலிந்து மேற்கொள்வது விந்தையே.

மீரியபெத்தைக்கு வேறொரு கணக்கும் உண்டு. அந்நிலம் ஆபத்தானது, மக்களை அகற்றுக எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. அகற்றினால் வேறு காணி வேண்டும், காணி மக்களுடையதன்று. மூன்று நான்கு தலைமுறைகளாக உழைத்த மண்ணில் ஒரு வீட்டுத் துண்டைக் கூடத் தமதென்று கூற இயலாதோர் எச்சரிக்கையைக் கேட்டு எங்கே செல்வர்? எஞ்சியோர் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நெருக்குண்டு கிடந்து, மக்கல்தெனியவிலே புதிய வீடுகளைப் பெற 2016 வரை காத்திருந்தனர். ஆகவே மலை சரிந்ததை இறைவன் சித்தமென்பது இறைவனைப் பற்றிய பொய் மட்டுமன்று. பொறுப்புடையோரைத் தப்பவிடும் பொய்யுமாகும். அச்சேற்றிலிருந்து மீண்ட ஒரு தாய், தன்னை ஏதோ ஒரு காரியத்திற்காக ஆண்டவர் காத்தார் எனக் கூறுவாளாயின், அங்கே தலைவணங்கி நிற்பதே முறை. அதே வாக்கியத்தைக் கொழும்பிலோ பதுளை நகரிலோ வசதியாயிருப்பவர் அவளுக்காகக் கூறுவாராயின், அதனை மறுத்துரைப்பதே முறை. சொற்கள் ஒன்றே, உண்மை ஒன்றன்று.

பழைய போதனை துன்பத்தை வரமென்றது. அண்மைக் காலத்திலே தோட்டப்புறங்களுக்கு வந்துள்ள புதிய போதனை துன்பத்தைக் குற்றமென்கிறது. நம்பிக்கை போதாமையால் நோய், காணிக்கை போதாமையால் வறுமை, பரம்பரைச் சாபத்தால் கடன் எனக் கூடாரங்களில் முழங்கப்படுகிறது. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் என்ற கோரிக்கை பல ஆண்டு இழுபறியின் பின் 2021 இலேதான் நிறைவேறிற்று. 2024 இல் அது 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அச்சம்பளமும் முழுப்பெயர் விழுந்தாலன்றிக் கைக்கு வராது. பறிக்கும் கொழுந்து குறித்த கிலோவை எட்டாவிடின் அரைப்பெயர். இத்தகைய வீட்டின் வறுமைக்குக் காரணம் பரம்பரைச் சாபமாம்! பரம்பரை உண்மைதான். சாபத்தின் பெயர்தான் வேறு.

இவ்வளவையும் படித்து மகிழக்கூடியோர் பல்கலைக்கழகங்களில் உளர். மதம் அபின், விடயம் அத்துடன் முடிந்தது என்பது அவர்கள் கொள்கை. 1844 இல் மார்க்ஸ் அவ்வுவமையை எழுதிய அதே பந்தியிலே, மதத்தை மெய்யான துயரத்தின் வெளிப்பாடாகவும் அத்துயரத்திற்கு எதிரான கண்டனமாகவும் அவர் கண்டிருந்தார் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அல்லது உவமையை மட்டும் பிறர் வாயிலாகக் கேட்டிருக்கின்றனர். உணவுச்சாலையிலே தேநீர் அருந்திக்கொண்டே, அத்தேயிலையைப் பறித்தவளின் செபம் அறியாமை எனத் தீர்ப்பளிப்பது எளிது. யோபுவின் நண்பரும் இவ்வாறே தான் எட்டி நின்று விளக்கினர். துன்புறுவோளின் அனுபவத்தை அவள் கையிலிருந்து பறித்து, அதற்குத் தாமே பொருளுரைப்பதில் இவர்களுக்கும் அப்பிரசங்கிகளுக்கும் வேறுபாடு சிறிதே. அவள் ஒப்புக்கொண்டது எதனை, எதிர்த்தது எதனை, எதனைச் சுமந்தாள், ஏன் சுமந்தாள் என்று அவளிடமே வினவும் பழக்கம் இரு சாராருக்கும் இல்லை.

ஊவாவிலே இவ்விரு வழிகளுக்கும் புறம்பாக வேறொரு வழியும் முயலப்பட்டது. 1972 டிசம்பரில் கண்டி மறைமாவட்டத்திலிருந்து பதுளை பிரிக்கப்பட்டுத் தனி மறைமாவட்டமாயிற்று. 1959 முதல் கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார, அப்பழம்பெரும் பீடத்தைத் தாமே துறந்து, கத்தோலிக்கர் மிகச் சிலரேயான இப்புதிய மறைமாவட்டத்தின் முதல் ஆயராக வந்தார். உயர்ந்த பீடத்திலிருந்து எளிய பீடத்திற்கு விரும்பிச் செல்லும் வழக்கம் திருச்சபையிலும் அருமை. அரச திணைக்களங்களிலோ கேட்க வேண்டியதில்லை. அவர் வந்த காலம் கொடியது. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு நாடு முழுவதையும் வாட்டிற்றெனினும் அதன் முழு முகத்தையும் கண்டவை தோட்டங்களே. பட்டினியும் பட்டினியைத் தொடர்ந்த நோயும் உயிர்களைக் கொண்டன. மறுபுறத்தே 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தின்படி குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தன. மலையிலிருந்து தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட புகையிரதத்திற்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. ஐந்தேகால் இலட்சம் பேரை அங்கும் மூன்று இலட்சம் பேரை இங்குமாக இரு பிரதமர்கள் பங்கிட்டபோது, பங்கிடப்பட்டவரிடம் எவரும் வினவவில்லை.

இச்சூழலிலே ஆயர் பொறுமையை மட்டும் போதித்திருக்கலாம். போதித்திருந்தால் எவரும் வியந்திருக்கமாட்டார். மாறாக அவர் கேட்டது, குருமார் எங்கே பயிற்றப்பட வேண்டும் என்ற வினா. மதிலுள்ளே பல ஆண்டு தத்துவமும் இறையியலும் கற்று, பின்னர் மக்களிடம் அனுப்பப்படும் முறையை அவர் ஐயுற்றார். பண்டாரவளையிலே ‘சேவக செவண’ என்ற பயிற்சி இல்லம் அவர் முயற்சியால் உருவாயிற்று. குருமாணவர் கிராமங்களிலும் தோட்டங்களிலும் மக்களோடு வாழ்ந்து, அவ்வாழ்விலிருந்து எழும் வினாக்களோடு வேதத்தைப் படிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. லயன் காம்பராவின் ஒழுகும் தகரத்தின் கீழே படுத்து எழுந்தவன், காலையில் ‘துன்பம் நல்லது’ என எளிதாகக் கூறமாட்டான். கூறினாலும் கேட்போருக்கு அதன் எடை தெரியும். 1982 இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு ஜூலையிலே பதுளை நகரிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன.

அவரோடு பணியாற்றிய அமலமரித் தியாகிகள் சபைக் குரு மைக்கேல் ரொட்ரிகோ இதனினும் ஒரு படி சென்றார். உரோமாபுரியிலும் பாரிஸிலுமாக இரு கலாநிதிப் பட்டங்கள் பெற்ற அவர், 1980 இல் ஊவாவின் தாழ்நிலத்துப் புத்தலைப் பகுதியிலே, பௌத்த சிங்கள விவசாயிகள் வாழும் கிராமமொன்றில், ‘சுப செத் கெதர’ எனப் பெயரிட்ட சிறு வீட்டிற் குடியேறினார். மதம் மாற்றுவதற்கன்று. கரும்புச் செய்கை விரிவால் நிலத்தையும் வாழ்வையும் இழந்துகொண்டிருந்த அம்மக்களோடு வாழ்வதற்கே. அது மலைத்தோட்டத்துத் தமிழரின் துன்பமன்று. ஆயினும் தோட்டத்தொழிலாளிக்கு அந்நிலை புதியதன்று. 1987 ஆகும்போது நாடெங்கும் துப்பாக்கிகள் பேசின. அச்சுறுத்தல் நெருங்கியதை அவரும் உடனிருந்தோரும் அறிந்திருந்தனர், செல்வதா நிற்பதா என்பதை ஆராய்ந்தனர், நின்றனர். நவம்பர் 10 ஆம் நாள், அவ்வீட்டிலே திருப்பலி ஒப்புக்கொடுத்த வேளையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் தம் துன்பத்திற் பொருள் கண்டார் என்று கூறலாம். ஏனெனில் அது அவர் தெரிந்தெடுத்தது. அகன்று செல்லும் வழி திறந்திருந்தது. இங்கேதான் களனியில் வாழ்ந்து எழுதிய இயேசு சபைக் குரு அலோசியஸ் பீரிஸின் ஆராய்ச்சி பயன்படுகிறது. ‘ஆசிய விடுதலை இறையியல்’ என்ற பொருளுடைய ஆங்கில நூலை 1988 இல் வெளியிட்ட அவர், விரும்பி ஏற்கும் வறுமையையும் திணிக்கப்படும் வறுமையையும் வேறுபடுத்திக் காட்டினார். முன்னது செல்வத்தின் ஆட்சிக்கு எதிரான மறுப்பு. பின்னது அவ்வாட்சியின் விளைவு. புத்தரும் இயேசுவும் முன்னதைத் தழுவினர் என்பதைக் காட்டிப் பின்னதைப் புனிதமாக்க எவர்க்கும் உரிமையில்லை. ஆயர் கண்டியைத் துறந்ததும், குரு புத்தலையில் நின்றதும் தெரிவு. கொழுந்துக்கூடையுடன் அட்டைக் காட்டில் ஏறுபவளின் வாழ்வு தெரிவன்று. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதற்கு முன்னும் பின்னும் வந்த பலவும் அவளுக்காகத் தெரிந்து வைத்தது. இரண்டையும் ‘சிலுவை’ என்ற ஒரே சொல்லால் அழைப்பதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. சிலுவையைத் தூக்கு எனத் தம்மைப் பின்பற்ற விரும்பியோருக்கு இயேசு கூறினார். பிறன் தோளிற் சிலுவையை ஏற்றுக எனச் சீடருக்கு அவர் கூறியதாக எச்சுவிசேஷத்திலும் இல்லை. அவ்வேலையை உரோமப் போர்வீரர் செய்தனர்.

அங்ஙனமாயின் திணிக்கப்பட்ட துன்பத்திலே பொருள் காணவே இயலாதா என்ற ஆட்சேபம் எழும். இது வன்மையான ஆட்சேபம். பார்க்கப்போனால், தெரிவு செய்ய வசதியுள்ளோரின் துன்பத்திற்கு மட்டும் பொருள் உண்டென்பது ரொஜர்ஸுக்கு மட்டும் தேவாலயம் எழுப்பிய மனப்பான்மைக்கே திரும்பிச் செல்வதாகும். விடை நீற்றறையிலேயே இருக்கிறது. நாவுக்கரசர் நீற்றறையைத் தெரிந்தெடுக்கவில்லை; அதனுள்ளே எவருக்குத் தலைவணங்குவது என்பதை அவரே தெரிந்தெடுத்தார். தோட்டத்துப் பெண்ணும் லயனைத் தெரிந்தெடுக்கவில்லை. ஆயினும் ‘நான் துரையின் ஆள் அல்ல, ஆண்டவரின் ஆள்’ என அவள் உள்ளத்தே கூறிக்கொள்ளும் நாளில், பெயர்ப் புத்தகத்தில் ஓர் இலக்கமாயிருந்தவள் பெயருள்ளவளாகிறாள். மாரியம்மன் கோயிலிலே தீச்சட்டி ஏந்தும் அவளுடைய அயல்வீட்டுக்காரிக்கும் இவ்வுணர்வு அந்நியமன்று. தோட்டங்களிற் கிறிஸ்தவர் சிறுபான்மையினரே என்பதை மறந்து இதனைக் கிறிஸ்தவரின் தனியுடைமையாக்குவது அறியாமை. அந்நம்பிக்கை துன்பத்தை நியாயப்படுத்துவதன்று. துன்பமே தன்னைப் பற்றிய இறுதிச் சொல் என்பதை மறுப்பது. அது சில வீடுகளிற் பிள்ளையை மலைக்கு அனுப்பாமற் பள்ளிக்கு அனுப்பிய பிடிவாதமாயிற்று. சில தோட்டங்களிற் கூலி உயர்வு கேட்டு நிற்கும் துணிவாயிற்று. பிரசங்கபீடத்துக் குறிப்பேடுகளில் இவை பதிவாகவில்லை. பதிவு செய்யும் கடிதமும் எழுதுகோலும் எப்போதும் மற்றவர்கள் கையிலேயே இருந்தன. ஆயர்களையும் குருமாரையும் பற்றியே இங்கு விரிவாகப் பேச நேர்ந்ததற்கும் அதுவே காரணம்.

திருக்குறளிலே ‘இடுக்கண் அழியாமை’ என்னும் அதிகாரம் உண்டு. அது இடுக்கண் உற்றவனை நோக்கிப் பேசுகிறது. அயலான் இடுக்கணைக் கண்டு நகுமாறு வள்ளுவர் எவரையும் பணிக்கவில்லை. அயலானுக்குச் செய்ய வேண்டியவற்றை வேறு அதிகாரங்களில் வைத்தார். மலையகத் தேவாலயங்கள் இவ்வதிகார வரிசையைப் பின்பற்றினாற் போதும். வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன், எந்த லயன்கள் சரிவு அபாயத்தில் உள்ளன என்ற விபரம் பிரதேச செயலகங்களில் இருக்கிறது. திருமண அறிவித்தலையும் காணிக்கைக் கணக்கையும் வாசிக்கும் அதே பீடத்திலிருந்து அவ்விபரத்தையும் தோட்டம் தோட்டமாக, லயன் இலக்கத்துடன் வாசிக்கலாம். வாசித்தபின், அவ்வாரத்துப் பிரசங்கத்தை லயன் இஸ்தோப்பிலே அமர்ந்திருப்பவர்கள் செய்யட்டும், போதகர் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.